சிலேபி வந்த வழி

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "ஏதாவது மீனைப் பத்திப் பேசுங்கண்ணே, அரை மணி நேரம் போதும்" என்றார்கள். விலங்கியல் படித்தவனிடம் வேறு என்ன கேட்பார்கள்! மீன் என்றதும் நீங்கள் எல்லோரும் கடலைத்தான் நினைத்திருப்பீர்கள். அதில் தப்பில்லை. நாளைக் காலையில் நாம் எல்லோரும் வேன் ஏறித் தனுஷ்கோடிக்குப் போகிறோம். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை. சூடை, நெத்திலி, பாறை என்று பேச ஆரம்பித்தால் சாப்பாட்டுப் பந்தி ஆறிப்போகும்.

ஆனால் நான் பேசப்போவது கடல் மீனைப் பற்றி அல்ல. கண்மாய் மீன், கால்வாய் மீன். அரைக்கால் டவுசர் காலத்தில் நாம் தூண்டில் போட்டுப் பிடித்தோமே, அந்த மீன். 'தனுஷ்கோடிக்கும் கால்வாய் மீனுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் நம் தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. ராமநாதபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வறட்சிதான் ஞாபகம் வரும். தண்ணியில்லாக் காடு என்பார்கள். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ள மாவட்டம் இது. வருஷநாட்டு மலையில் பிறந்த வைகை பார்த்திபனூர் மதகணையில் வலதும் இடதுமாகக் கால்வாய்களில் பிரிகிறது. கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்கிறது. மிச்சம் இருந்தால்தான் ஆற்றங்கரை ஊருக்குப் பக்கத்தில் கடலைப் பார்க்கும். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர்பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாயும் நம்முடையதுதான்.

இந்தக் கண்மாய்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எதுவும் தனியாக இல்லை. மேலே உள்ள கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழே உள்ள கண்மாய்க்குப் போகும். அங்கே நிறைந்தால் அடுத்தது. நடுவில் வரத்துக் கால்வாய், மடைக்கு வெளியே வயல் வாய்க்கால். ஒரு கயிற்றில் கோத்த மணி மாதிரி. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். நம் கண்மாய்க்கு வருஷம் பூராவும் தண்ணீர் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் நிறையும். சித்திரை, வைகாசியில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். இப்படி நிறைந்து வற்றும் தண்ணீரில் பிழைக்க வேண்டும் என்றால் அதற்கென்று தனித் திறமை வேண்டும். நம் ஊர் மீன்களுக்கு அது இருந்தது.

விராலை எடுத்துக்கொள்ளுங்கள். அது செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் இல்லை. தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். தண்ணீர் குறைந்து சகதியானாலும் ஈரம் இருக்கும்வரை தாக்குப் பிடிக்கும். குறவையும் அப்படித்தான், முள் குத்தினால் ஊரைக் கூட்டி அழ வைக்கும் தேளியும் அப்படித்தான். பனையேறிக் கெண்டை ஒரு படி மேலே. தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, இந்த மீன் பனைமரத்தில் ஏறியதை 1791-இல் தன் கண்ணால் பார்த்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. மரம் ஏறுமோ இல்லையோ, ஒரு குட்டை வற்றினால் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டையைத் தேடிப் போகும், அது நிச்சயம். அயிரை வேறு சாதி. அதற்கு மணல் தரையும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும். மதுரை ஓட்டல்களில் அயிரைக் குழம்பு என்ன விலை விற்கிறது என்பதை இங்கே சொல்லி உங்கள் பசியைக் கிளப்ப விரும்பவில்லை.

புதுத்தண்ணீர் வந்ததும் மீன் எதிரேறும். வயலுக்குள், வாய்க்காலுக்குள் புகுந்து முட்டையிடும். அப்போது வாய்க்கால் வாயில் பறி வைப்பார்கள். தண்ணீர் வடியும் காலத்தில் ஊத்தாவும் கச்சாவும் கையில் எடுப்பார்கள். ஊத்தா என்றால் இந்நாள் மாணவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. அடியும் இல்லாமல், மேலே கை விட ஓட்டையும் வைத்துப் பின்னிய மூங்கில் கூடை. கலங்கிய தண்ணீரில் அதைக் குத்திக்கொண்டே போவார்கள். உள்ளே ஏதாவது துள்ளினால் மேல் ஓட்டை வழியே கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். மீன்பாசி குத்தகை எடுத்தவர் தன் மீனைப் பிடித்து முடித்ததும் 'கண்மாய் அழிஞ்சிருச்சு' என்று ஊருக்குத் தெரியும். அன்றைக்குச் சாதி, வயது, ஆண், பெண் பேதமில்லாமல் ஊரே சேற்றில் நிற்கும். சாயங்காலம் எல்லா வீட்டுக் கூரையிலும் ஒரே வாசனை.

எங்களைப் போன்ற பொடியன்களுக்கு ஊத்தா எல்லாம் கிடையாது. ஒரு கம்பு, நரம்பு, கொக்கி. மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு. வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணைக் கிளறினால் மண்புழு. அவ்வளவுதான் மூலதனம். என் பத்து வயதில், கலுங்குக்குக் கீழே நான் தூக்கிய மீன் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. கரையில் போட்டதும் அதன் வாயிலிருந்து கடுகு கடுகாகக் குஞ்சுகள் கொட்டின. பத்து, இருபது இல்லை, நூற்றுக்கணக்கில். நான் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "அடப்பாவி, புள்ளத்தாச்சியையா புடிச்ச, தண்ணியில விட்டுரு" என்றார்கள். அதுதான் நம் கதாநாயகி. சிலேபி.

சிலர் சிலேபிக் கெண்டை என்பார்கள், சிலர் ஜிலேபி என்பார்கள். மிட்டாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'திலேப்பியா' என்ற பெயர் நம் நாக்கில் உருண்டு சிலேபி ஆகிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் எந்தக் கால்வாயில் தூண்டில் போட்டாலும் முதலில் கடிப்பது அநேகமாக இதுதான். நம் பிள்ளைகளைக் கேட்டால் அது நம் ஊர் மீன் என்றுதான் சொல்வார்கள். இல்லை. அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. மொசாம்பிக் நாட்டையொட்டிய ஆறுகள். 1852-இல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி அதற்குப் பெயர் வைத்தபோது அந்த நாட்டின் பெயரையே சேர்த்து வைத்தார். ஆப்பிரிக்காவை விட்டு அது வெளியே தென்பட்டது 1939-இல், ஜாவாத் தீவில். அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா பூராவும் பரவியது.

இப்போது தனுஷ்கோடிக்கு வருகிறேன். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. சுமார் 30 கிலோமீட்டர் தூரம்தான். மெட்ராஸில் ரயில் ஏறினால் கொழும்பில் இறங்கலாம், நடுவில் கொஞ்சம் கப்பல். அந்த வழியில்தான் ஆட்கள் போனார்கள், சரக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களைச் சோதனை செய்து அனுப்பிய முகாம் மண்டபத்தில் இருந்தது. 'மண்டபம் கேம்ப்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் வந்தது அதனால்தான். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலோடு தனுஷ்கோடியின் ரயிலும் துறையும் முடிந்துபோயின. அது உங்களுக்குத் தெரிந்த கதை.

தெரியாத கதை ஒன்று உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பட்டு 1949-இல் மண்டபத்துக்கு வந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை இந்தியக் கடல் மீன் ஆராய்ச்சிக்கு நம் மண்டபம்தான் தலைநகரம். அந்த நிலையத்துக்கு 1952-இல் இலங்கையிலிருந்து சிலேபி வந்து சேர்ந்தது. அதே ஆண்டு பாங்காக்கிலிருந்தும் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். ஆக, இந்த மீன் இந்தியாவில் காலடி வைத்த இரண்டு வாசல்களில் ஒன்று நம் கரை. இதைச் சொல்லும்போது பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

கொண்டு வந்தவர்களைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சுதந்திரம் வந்து ஐந்து வருஷம். ரேஷன் அரிசி. நாடு முழுக்க 'உணவு உற்பத்தியைப் பெருக்குவோம்' என்ற பேச்சு. இந்த மீனோ எதைப் போட்டாலும் தின்னும். பாசியைத் தின்னும், மக்கிய குப்பையைத் தின்னும். வருஷத்துக்குப் பல தடவை குஞ்சு பொரிக்கும். நல்ல தண்ணீரிலும் வாழும், உப்புத் தண்ணீரிலும் வாழும். 'நீர்வாழ் கோழி' என்றே உலகம் அதைக் கொண்டாடியது. உப்பும் வறுமையும் சேர்ந்த நம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான மீன் எது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்கும். எண்ணம் நல்ல எண்ணம்.

ஆனால் நல்ல எண்ணத்துக்கும் தண்ணீருக்கும் ஒப்பந்தம் கிடையாதே! எந்தக் குணத்துக்காகக் கொண்டு வந்தார்களோ அதே குணம்தான் வினையாயிற்று.

பெண் சிலேபி முட்டையை வாயிலேயே அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் சில நாள் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். ஆபத்து என்றால் குஞ்சுகள் ஓடிவந்து தாய் வாய்க்குள் நுழைந்துகொள்ளும். எத்தனை அழகான ஏற்பாடு! மற்ற மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு அதில் பாதியைத் தவளைக்கும் பூச்சிக்கும் பறிகொடுக்கும்போது, இது இட்டதைக் கைவிடாமல் வளர்க்கிறது. ஆண் மீன் தரையில் குழி பறித்து இடம் பிடித்துக்கொண்டு மற்ற மீனை விரட்டும். கோடையில் கண்மாய் வற்றும்போது தரையில் தட்டு தட்டாக வட்டக் குழிகள் பார்த்திருப்பீர்கள். யாரோ தோண்டியது இல்லை, சிலேபி தோண்டியது. இதோடு மற்ற மீன்களின் முட்டை கிடைத்தாலும் விடாது.

கூட்டம் பெருகினால் இரை போதாது. இரை போதாவிட்டால் மற்ற மீன் முட்டையிடுவதை நிறுத்தும். சிலேபியோ விரல் நீளத்திலேயே தாயாகிவிடும். பிறகு என்ன? கண்மாய் நிறைய மீன், ஆனால் எல்லாம் கைக்குள் அடங்கும் பொடி. வலையைத் தூக்கினால் கனக்கும், தராசில் போட்டால் காசு வராது.

ஏழே வருஷத்தில் புரிந்துவிட்டது. 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு, இதை இனி எங்கும் பரப்பக் கூடாது என்று தடை விதித்தது. கொண்டு வந்தது 1952, தடை 1959. அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. தடை உத்தரவை மீன் படிக்குமா? கலுங்கில் மறுகால் பாயும்போது, 'நீ இந்தக் கண்மாயோடு நில்' என்று யார் சொல்வது? அதே 1959-இல்தான் வைகை அணையும் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அந்த அணையிலும் சிலேபி நிறைந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதி அணையில் கிடைக்கும் மீனில் பெரும்பங்கு சிலேபிதான் என்ற நிலை வந்தது. மேலே ஏறிவிட்டால் கீழே எல்லாக் கால்வாய்க்கும் இறங்கத்தானே செய்யும்!

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். 'ஐயா, கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் மட்டும் நம்ம ஊரு மீனா?' இல்லை. அவை கங்கைச் சமவெளி மீன்கள். 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் அங்குல் என்ற இடத்தில் ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டு இந்த வகைக் கெண்டைகளைச் செயற்கையாக முட்டையிட வைத்தார். அதிலிருந்துதான் பண்ணைக் குஞ்சு எல்லா ஊருக்கும் போக வழி பிறந்தது. இன்றும் அந்த நாளை மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நம் குத்தகைக் கண்மாய்களில் விடுவதும் அந்தக் குஞ்சுதான். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். கட்லாவும் ரோகுவும் நம் கண்மாயில் இனம் பெருக்காது. அதற்கு வெள்ளம் ஓடும் ஆறு வேண்டும். விட்டதைப் பிடித்தால் கணக்கு முடிந்தது. அவர்கள் விருந்துக்கு வந்து, சாப்பிட்டு, ஊருக்குப் போகும் சம்பந்தி. சிலேபி வீட்டோடு மாப்பிள்ளை!

சிரிக்கிறீர்கள். நிலத்திலும் இதே கதை நமக்கு உண்டு. சீமைக் கருவேலம். விறகுக்கு ஆகும், வேலிக்கு ஆகும், வறட்சியைத் தாங்கும் என்று சொல்லித்தான் வந்தது. இன்று கண்மாய்க்குள்ளேயே காடாக நிற்கிறது. வெட்டச் சொல்லி வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. ஆனால் அதைக் கரிமூட்டம் போட்டு எத்தனை குடும்பம் பிழைக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். சபிக்கவும் முடியாது, வாழ்த்தவும் முடியாது.

சிலேபியும் அப்படித்தான். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்மாய்க் கரையில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வலையைப் பிரித்துப் பொடிச் சிலேபியாக உதறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்த மீன் வந்துதான நம்ம விராலு, அயிரையெல்லாம் கொறைஞ்சு போச்சு?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவுக சொல்றது சரியாத்தான் இருக்கும் அப்பு. ஆனா விராலு வித்தா டவுனுக்குப் போயிரும். அயிரை வித்தா மருதைக்குப் போயிரும். எங்க வீட்டுச் சட்டிக்குள்ள கெடக்குறது இதுதான். இதையும் வேணாமுண்டா நாங்க எதைத் திங்குறது?"

எனக்கு அதற்குமேல் கேள்வி எழவில்லை. அவர் சொன்னது உண்மை. இலங்கையில் இந்த உண்மை இன்னும் பெரிது. அங்கே பராக்கிரம சமுத்திரம் போன்ற பெரிய குளங்களில் திலேப்பியா வந்த பிறகுதான் நன்னீர் மீன்பிடித் தொழில் என்று ஒன்று பெரிதாக வளர்ந்தது. கடலுக்குத் தூரமான கிராமத்து ஏழை வீட்டில் மீன் வாசம் வந்தது. ஒரே மீன், ஒரே காலம். கடலுக்கு அந்தப் பக்கம் வரம், இந்தப் பக்கம் தடை. ஆகவே மீனை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்துவதில் பயனில்லை. எந்தத் தண்ணீரில், யாருக்குப் பக்கத்தில் விடுகிறோம் என்பதுதான் விஷயம்.

இதைவிட வேடிக்கை ஒன்று கேளுங்கள். உலகத்திலேயே மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் நம் சிலேபி இருக்கிறது. அதே சங்கத்தின் அழியும் நிலை உயிரினங்களின் சிவப்புப் பட்டியலிலும் அதே சிலேபி இருக்கிறது! எப்படி? அதன் சொந்த ஊரான தென்னாப்பிரிக்க ஆறுகளில் யாரோ நைல் திலேப்பியாவைக் கொண்டுபோய் விட்டார்கள். அது இதோடு கலந்து, கலப்பினமாகி, அசல் சிலேபி அங்கே அருகி வருகிறது. இங்கே விராலுக்கு இது செய்ததை அங்கே இதற்கு இன்னொன்று செய்கிறது. பாவம், புண்ணியம் எதுவும் மீனுக்குக் கிடையாது. விட்டவன் மனுஷன்.

சரி, எழுபது வருஷத்துப் பழைய கதையை இன்று எதற்கு இவ்வளவு நேரம் சொல்கிறேன்? இந்நாள் மாணவர்களுக்காகத்தான். ஏனென்றால் கதை முடியவில்லை. அடுத்த விருந்தாளிகள் வாசலில் நிற்கிறார்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்திருக்கிறது. வளர்க்கக் கூடாது என்று அரசு தடை செய்த மீன். இருந்தும் கழிவைப் போட்டு ரகசியமாகக் குட்டைகளில் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சிலேபி மாதிரி பாசி தின்கிற மீன் இல்லை. கண்ணில் பட்ட மீனையெல்லாம் விழுங்கும். காற்றையும் குடிக்கும், ஈரத் தரையில் நகர்ந்தும் போகும். ஒரு மழையில் குட்டை உடைந்தால் போதும். பிறகு கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கடையில் வாங்கும் தென்னமெரிக்க முள் மீன். வீட்டில் பெரிதாகிவிட்டது, கொல்ல மனசு வரவில்லை என்று பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விடுகிறோம். ஜீவகாருண்யம்! அந்த மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் வலையைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறது. தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது. 1952-இல் விட்டவர்களாவது பத்துப் பேர் சாப்பிடட்டும் என்று விட்டார்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன மணிமாலையை ஞாபகப்படுத்துகிறேன். கண்மாய் ஒன்றோடு ஒன்று கோத்தது. நீங்கள் உங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு மீனை விட்டால் அது உங்கள் ஊரோடு நிற்காது. மறுகாலில் இறங்கும், கால்வாயில் ஏறும், அடுத்த மழைக்குப் பக்கத்து யூனியன், அதற்கடுத்த மழைக்குப் பெரிய கண்மாய். மாவட்டத்துக்கே சேர்த்து நீங்கள் ஒருவர் முடிவெடுத்த மாதிரி ஆகிவிடும். நம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சார் தலங்களாக அறிவிக்கப்பட்டன. எங்கிருந்தோ பறந்து வரும் கூழைக்கடாவும் நாரையும் நம்பி வருவது இந்தக் கண்மாய்களின் மீனைத்தான். அதிலும் நமக்குப் பொறுப்பு இருக்கிறது.

செய்யக்கூடியது என்ன? பெரிய திட்டம் எதுவும் சொல்லப் போவதில்லை. நாலு காரியம்.

ஒன்று, தொட்டி மீனையோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாத குஞ்சையோ எந்தத் தண்ணீரிலும் விடாதீர்கள், விடுகிறவர்களையும் தடுத்துச் சொல்லுங்கள். குத்தகைதாரர் குஞ்சு இறக்கும் நாளில் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, என்ன குஞ்சுண்ணே இது, எந்தப் பண்ணையில வாங்குனீங்க?" என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. கேட்டால் சண்டைக்கு வர மாட்டார்கள். கேட்காததால்தான் எல்லாம் நடக்கிறது.

இரண்டு, புதுத்தண்ணீர் வரும்போது வாய்க்காலை முழுசாக அடைத்துக் கொசுவலை கட்டாதீர்கள். எதிரேறும் சினைமீனையெல்லாம் அங்கேயே அள்ளிவிட்டால் கண்மாய்க்கு எது மிஞ்சும்? பாதி வாய்க்காலைத் திறந்து விடுங்கள். மீனுக்கும் வழி வேண்டும்.

மூன்று, கோரைக்குள் செக்கச் செவேலென்று ஒரு கூட்டம் குஞ்சு கொப்பளித்துக்கொண்டு நகர்ந்தால் அது விரால் குஞ்சு. அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். தூண்டில் போட்டால் உடனே பாயும், சுலபமாகப் பிடிக்கலாம். பிடிக்காதீர்கள். அந்த இரண்டைத் தூக்கினால் குஞ்சு அத்தனையும் போச்சு. இத்தனை எதிரிகளுக்கு நடுவே விரால் பிழைத்திருப்பதே அந்தக் காவலால்தான்.

நான்காவது, இந்த அரங்கிலிருந்தே தொடங்கலாம். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அதில் உங்கள் ஊர்க் கண்மாய் மீனின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத வையுங்கள். உங்கள் ஊரில் ஊத்தா பிடித்த கை இன்னும் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து, "தாத்தா, உங்க காலத்துல கண்மாயில என்னென்ன மீன் இருந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன பெயரிலேயே எழுதுங்கள். கெண்டை என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு அவர் ஏழெட்டுப் பெயர் வைத்திருப்பார். எது கடைசியாக எந்த வருஷம் அகப்பட்டது என்றும் கேட்டுக் குறியுங்கள். விலங்கியல் துறையும் நம் சங்கமும் சேர்ந்து வருஷத்துக்குப் பத்துக் கண்மாய் என்று எடுத்தால்கூட ஐந்து வருஷத்தில் ஐம்பது கண்மாய்க்குக் கணக்கு வந்துவிடும். நோட்டுக்கும் பேனாவுக்கும் பஸ் செலவுக்கும் நம் பழைய மாணவர்களிடம் பணம் இல்லாமலா போய்விட்டது? இங்கே வரும்போது வாசலில் நின்ற கார்களைப் பார்த்தேன்!

இருந்தது என்று எழுதி வைக்காத மீன் இல்லாமல் போனால் அதைத் தேட ஆளும் இருக்காது. சிலேபி வந்த தேதி நமக்குத் தெரியும். அரசாங்கத்துக் காகிதத்தில் இருக்கிறது. நம் வாய்க்காலில் இருந்த ஒரு சின்ன மீன் போன தேதி எங்கேயும் இல்லை. வந்தவர் கணக்கு மட்டும் இருந்து, போனவர் கணக்கு இல்லாத வீடு நல்ல வீடா?

நாளைக்குத் தனுஷ்கோடி போகும் வழியில் மண்டபம் வரும். வேன் ஓட்டுநரிடம் ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். இறங்கி டீ குடிப்போம். எழுபது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையில் ஒரு மீன் இறங்கியது என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்புறம் மத்தியானம் சாப்பாட்டில் சிலேபி வறுவல் வைத்தால் முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். அதைக் குறைக்க நமக்குத் தெரிந்த நல்ல வழி அது ஒன்றுதான்!